மந்திரிக்கும் உங்களுக்கும் ஒரே வயது

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து, கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற 69 வயது வாசகர் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

"பூர்வீக வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த பகுதியில் நானும் என் மனைவியும் மந்திரியும் இருக்கிறோம். மந்திரி என்பது பதினொரு வயதான சிப்பிப்பாறை நாய். எடை இருபது கிலோ. கூப்பிட்டவுடன் வருகிற மந்திரி ஒருவராவது இருக்கட்டும் என்று நான் வைத்த பெயர். பக்கத்துப் பங்கில் இருக்கும் பங்காளி கட்சிக்காரர். 'மந்திரி, குரைக்காதே' என்று நான் சொன்னால், அவர் கட்சி ஆட்சியில் இருக்கும்போது இந்நாள் மந்திரியைச் சொல்கிறேன் என்கிறார். ஆட்சியில் இல்லாதபோது முன்னாள் மந்திரியைச் சொல்கிறேன் என்கிறார். சென்ற மாதம் மந்திரி பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. மருத்துவரிடம் போனால் செலவாகும் என்று, என் மூட்டுவலிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பாதியாக உடைத்து மூன்று நாள் கொடுத்தேன். வாந்தி எடுத்தது, மலம் கறுத்துப் போனது, நிறுத்தியதும் சரியாகிவிட்டது. இப்போது தண்ணீர் நிறையக் குடிக்கிறது. இரவில் வீட்டுக்கூடமான பட்டாலையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. சென்னையில் இருக்கும் மகன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறான். என் மனைவியோ, 'உங்கள் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷமாச்சு, அதற்குச் செலவு பண்ண மனசு வரலை. நாய்க்கு என்ன பரிசோதனை' என்கிறாள். வீட்டில் மிஞ்சுவதெல்லாம் மந்திரிக்குத்தான். எதையும் வீணாக்குவது எங்கள் வழக்கமில்லை. தேய்பிறை அஷ்டமியன்று வைரவரைக் கும்பிட்டுவிட்டு என் மனைவி தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறாள். அதை வைத்துத் தேநீர்க் கடையில் எனக்கும் பங்காளிக்கும் தினமும் அரசியல் தகராறு. வயதான நாய்க்கு இனிச் செலவு செய்வது நியாயமா? தெருநாய் விஷயத்தில் யார் பேச்சு சரி? நான் சிக்கனக்காரனா, கஞ்சனா?"

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை முதல்முறை சிரிப்பதற்காகவும் இரண்டாம் முறை கையில் பேனாவோடும் படித்தேன். எட்டுப் பக்கங்களில் நான் அடிக்கோடிட்டவை, மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்ததைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் நான்கு வரிகளைத்தான். அரசியலைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் முதலில் சொல்ல வேண்டியது, அந்த மாத்திரையை இனி ஒரு துணுக்குக்கூட மந்திரிக்குக் கொடுக்கக் கூடாது என்பதும், இந்த வாரத்திற்குள் அதை மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும் என்பதும்தான்.

மலம் கறுத்துப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் வயிற்றில் கசிந்த இரத்தம். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்களைத் தடுக்கும்போது, அவற்றோடு சேர்த்து இரைப்பையின் உட்சுவரைக் காப்பாற்றுகிற, சிறுநீரகத்திற்குப் போகும் இரத்த ஓட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கிற பொருள்களையும் தடுத்துவிடுகின்றன. நாயின் உடல் இந்த மருந்துகளை நம் உடலைப் போல் கையாள்வதில்லை. நமக்குப் பாதி மாத்திரை என்பது அதற்குப் பாதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பூனையாக இருந்திருந்தால் ஒரு சாதாரணப் பாராசிட்டமால் மாத்திரையே உயிரைக் குடித்திருக்கும். நாய்களுக்கென்று, எடை பார்த்து, இரத்தம் பார்த்துக் கொடுக்கிற வலி மருந்துகள் தனியாக இருக்கின்றன. மிச்சமிருந்த மாத்திரை வீணாகக் கூடாது என்று நீங்கள் நினைத்ததைக் குறை சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் அப்படி மிஞ்சிய மாத்திரைகளுக்கென்றே அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகு என்னிடம் கொண்டு வரப்பட்ட நாய்களையும் அதே அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

வாந்தி நின்றுவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதான நாய் தண்ணீர் நிறையக் குடித்து, இரவில் அடக்க முடியாமல் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகத்தை. சர்க்கரை நோயாக இருக்கலாம், அட்ரினல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். ஆனாலும் நீங்கள் கொடுத்த மாத்திரையை நினைத்தால் சிறுநீரகமே முதலில் வருகிறது. இந்த உறுப்புக்கு ஒரு குணம் உண்டு: கடைசி வரைக்கும் தன் கஷ்டத்தை வெளியே சொல்லாது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலைத்திறன் போன பிறகுதான் சிறுநீரைச் செறிவாக்கும் சக்தி குறைந்து, தண்ணீர்த் தாகமாக அது வெளியே தெரியும். அந்தப் பழுது மாத்திரைக்கு முன்பே இருந்து, மாத்திரை அதை வெளிப்படுத்தியிருக்கலாம். மாத்திரையாலேயே வந்ததாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பதற்கு முன் உங்களால் ஒரு வேலை ஆக வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, கருவூலத்தில் கணக்கு எழுதிய கைக்கு இது பெரிய வேலையும் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். மந்திரியின் தண்ணீரை மூன்று நாள் அளந்து ஊற்றுங்கள். காலை ஆறு மணிக்கு மூன்று லிட்டர் ஊற்றி வையுங்கள், இடையில் ஊற்றினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் ஆறு மணிக்கு மிச்சத்தை அளந்து கழியுங்கள். வீட்டின் மற்றத் தண்ணீர்ப் பாத்திரங்களையும் கிணற்றடித் தொட்டியையும் மூடி வைத்தால்தான் கணக்கு நேராகும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு நூறு மில்லிலிட்டருக்கு மேல், அதாவது இருபது கிலோ மந்திரிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் போனால் அது நோய்க்கான அறிகுறி. வெயில் காலத்தில் ஓரளவு கூடும். அப்போதும் இரண்டு லிட்டரை எட்டாது. எக்காரணம் கொண்டும், பட்டாலை நனைகிறதே என்று இரவில் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதான நாய் தண்ணீர் குடித்துத்தான் உயிரைத் தாக்குப் பிடிக்கிறது. கிண்ணத்தை எடுத்தால் ஒரே இரவில் நிலைமை கைமீறிவிடும்.

இனிச் செலவைப் பற்றிச் சொல்கிறேன். மகன் சொல்வது சரி, ஆனால் முதல் நாளே எல்லாப் பரிசோதனைகளையும் செய்ய வேண்டியதில்லை. முதலில் காலைச் சிறுநீரின் அடர்த்தியையும், அதில் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றனவா என்பதையும் பார்ப்போம். இதுதான் எல்லாவற்றிலும் மலிவான பரிசோதனை, இதுவே பல கதவுகளைத் திறந்தும் மூடியும் காட்டிவிடும். பிறகு இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும். அவை சரியில்லை என்றால் மட்டும் ஸ்கேனும் இரத்த அழுத்தமும். பதினொரு வயது நாயை மதுரைக்கும் சென்னைக்கும் தூக்கிக்கொண்டு அலையச் சொல்கிற மருத்துவன் நானில்லை. நோய் முற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வேன். ஆனால் தொடக்க நிலையில் பிடித்துவிட்டால், உணவு மாற்றமும் ஓரிரு மருந்துகளுமாக மாதங்களையும் சில சமயம் வருடங்களையும் வலியில்லாமல் கடத்தும் நாய்கள் உண்டு. எதற்காகச் செலவு என்று தெரிந்து செய்வது ஒன்று, என்ன நோய் என்று தெரியாமலே டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பிறகு அதன் விளைவுக்குச் செலவழிப்பது இன்னொன்று. உங்கள் பேரேட்டில் இரண்டாவதுதான் பெரிய தொகையாக வரும்.

வயதான நாய்க்கு இது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது என்பது வெறும் வாய்க்கணக்கு. 2020இல் லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் மாற்றங்களை அளந்து, ஆய்வாளர்கள் வேறொரு கணக்கு சொன்னார்கள்: நாயின் வயதுக்கு இயற்கை மடக்கை எடுத்து, பதினாறால் பெருக்கி, 31ஐக் கூட்ட வேண்டும். லாப்ரடாருக்கான கணக்கை நம் சிப்பிப்பாறைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் உங்களுக்காகப் போட்டுப் பார்த்தேன். பதினொரு வயதுக்கு விடை 69 வருகிறது.

ஆக, மந்திரிக்கும் உங்களுக்கும் ஒரே வயது. ஒரே மாத்திரையை இருவரும் சாப்பிட்டிருக்கிறீர்கள். மூட்டுவலியும் இருவருக்கும் இருக்கிறது. மந்திரி மூன்று நாள் சாப்பிட்டது. நீங்கள் எவ்வளவு காலமாக, யாருடைய சீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நான் மனிதர்களுக்கு வைத்தியம் செய்பவன் அல்ல, செய்யவும் கூடாது. ஆனால் இந்த வகை மாத்திரைகள் மனிதச் சிறுநீரகத்தையும், குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களின் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும் என்பது மருத்துவம் படித்த எவருக்கும் தெரிந்த விஷயம். மந்திரிக்கு இரத்தம் எடுக்கிற வாரத்திலேயே நீங்களும் உங்கள் மருத்துவரிடம் போய், சாப்பிடுகிற மாத்திரையைக் காட்டி, கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள். கண்புரையையும் அவரிடமே சொல்லுங்கள். உங்கள் மனைவி, அதாவது ஆச்சி, சொன்னதை நாய்க்கு எதிரான பேச்சாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த வரையில் அது நாயைப் பற்றிய பேச்சே அல்ல. இரண்டு வருடமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை, இப்போது நாயைச் சாக்காக வைத்து மறுபடி கேட்கிறார்கள். புரை விழுந்த கண்ணோடு இரவில் நனைந்த தரையில் நடப்பவர் நீங்கள் என்பதையும் அவர்கள் யோசித்திருப்பார்கள்.

அந்த மாத்திரையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உங்கள் தேநீர்க் கடைத் தகராறுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1990களில் டைக்ளோஃபெனாக்கின் விலை மலிந்து, மாடுகளுக்கும் அது சர்வசாதாரணமாகப் போடப்பட்டது. அந்த மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. நாட்டில் எங்கும் பறந்த மூன்று பாறு இனங்கள் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்த பிறகுதான் காரணமே தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். பாறுகள் இல்லாத இடத்தில் செத்த மாடுகள் அழுகின, நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் இதனால் ஏறக்குறைய ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. மலிவாகக் கிடைத்த ஒரு வலி மருந்தின் ஐந்தொகை, அதாவது வரவு செலவின் முடிவுக் கணக்கு, இது. கடையில் நாய்களைப் பற்றிச் சண்டை வரும்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரைப் பட்டையையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தெருநாய் விஷயத்தில் யார் பேச்சு சரி என்றால், நீங்கள் எழுதியிருக்கும் வரையில் இரு தரப்பும் பாதி சரி. கடிக்கிற நாயைப் பிடிக்க வேண்டும் என்று உங்கள் பங்காளி சொல்வதில் தவறில்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. குழந்தை விளையாடும் தெருவில் அந்தப் பயத்தை யாரும் இளப்பமாகப் பேசக் கூடாது. நாய்களை அடித்து விரட்டினால் தீராது என்று நீங்கள் சொல்வதிலும் தவறில்லை. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அடுத்த தெருவின் நாய்கள், தடுப்பூசி போடாதவை, அந்த இடத்திற்கு வந்து சேரும். ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: உள்ளாட்சி அமைப்பு பிடிக்க வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, வெறிநோய் உள்ளவை, இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பழைய இடத்திலேயே விடச் சொன்னது. கண்ட கண்ட தெருவில் சோறு வைக்காமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் தீர்ப்பை மட்டும் படித்தவரும் இரண்டாவதை மட்டும் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் தகராறு வரத்தான் செய்யும்.

இது எந்தக் கட்சியின் ஆட்சியிலும் உள்ளாட்சியின் பொறுப்பு. நீங்கள் மூன்று பக்கம் எழுதிய கோபத்தை ஒரு பக்க மனுவாக எழுதினால் பயன் உண்டு. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது, உங்களுடையது ஊராட்சி. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் தெருநாய்களுக்குத் தடுப்பூசி முகாமும் கருத்தடையும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். அதைப் பங்காளி முன்மொழிந்து நீங்கள் வழிமொழிந்தால் இன்னும் நல்லது, கட்சிக்காரருக்குத் தீர்மானம் நிறைவேற்றும் கலை உங்களைவிட நன்றாகத் தெரியும். தீர்மானத்தின் நகலோடு சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எப்படி நகரும், எங்கே தூங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆச்சி சோறு வைப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வைரவன்பட்டியும் இலுப்பைக்குடியும் பக்கத்தில் இருக்கிற சீமையில், வைரவரின் வாகனத்திற்குச் சோறிடுவதைத் தடுத்து எழுதினால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் வாசலில் வைக்காமல், பள்ளிக்கூடத்திற்கும் குழந்தைகள் விளையாடும் பொட்டலுக்கும் ஒதுங்கிய, ஊராட்சியில் கேட்டுக் குறித்த ஓர் இடத்தில், குறித்த நேரத்தில் வைத்துவிட்டு, இலையை எடுத்துப் போட்டுவிட வேண்டும். சோறு வைக்கும் கைக்குப் பழகிய நாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போடுவது எங்களுக்கு எளிது; முகாம் நாளில் ஆச்சி கூட இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். யாரையாவது கடித்துவிட்டால், கடிவாயில் மஞ்சளோ மிளகாயோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். மந்திரிக்கு இந்த ஆண்டுத் தடுப்பூசி போட்டதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. வீட்டுநாய்தானே என்று விட்டிருந்தால், உடல்நிலையைப் பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம்.

மிஞ்சிய சோறும் குழம்பும் மந்திரிக்கு என்றீர்கள். நம் சமையலை நம்மைவிட யார் மெச்சுவார்கள். ஆனால் அது நாய்க்கான சமையல் அல்ல. வெங்காயமும் பூண்டும், வெந்தாலும் பொடியானாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே பாதிப்பு தெரியும் என்கிறார்கள். அதாவது மந்திரிக்கு முந்நூறு கிராம். சின்ன வெங்காயத்தை உழக்கால் அளந்து போடுகிற நம் குழம்பில், நாலைந்து நாள் மிச்சத்தில் அந்த அளவை எட்டிவிடலாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021 முதல் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் சொல்லி வருகிறார்கள். அந்த அமிலம் புளியில் திராட்சையைவிடப் பலமடங்கு உண்டு. ஆகவே புளிக்குழம்பும் வேண்டாம், வெந்த கோழி எலும்பு வேண்டாம், ஊறுகாயும் கருவாடும் வேண்டவே வேண்டாம். கோழியை உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். அளவைப் பரிசோதனைக்குப் பிறகு சொல்கிறேன். மிச்சம் வீணாகிறதே என்றால், ஓர் ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போடச் சொல்லி ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். அதைச் சொல்லும் தைரியம் உங்களுக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது.

கால் தாங்குவதற்கு மூட்டுத் தேய்மானம் காரணமாக இருக்கலாம். தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை ஒன்று செய்யுங்கள். நடக்க நடக்கப் பளபளப்புக் கூடுவது ஆத்தங்குடிக் கல்லின் பெருமை. கிழட்டு நாய்க்கு அதுவே ஆபத்து, பின்னங்கால் வழுக்கி வழுக்கி இடுப்பே போய்விடும். அது நடமாடும் வழியில் பழைய கோணிச் சாக்குகளை விரித்து, நுனி மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் செலவில்லை, உங்கள் கால்களுக்கும் நல்லது.

சிக்கனக்காரனா, கஞ்சனா என்ற கேள்விக்கு நம் தமிழில் 'செட்டு' என்ற சொல்லே பதில் வைத்திருக்கிறது. செட்டாகக் குடும்பம் நடத்துகிறவர், ஐப்பசி மழைக்கு முன் ஆளை ஏற்றி ஓட்டுக்கூரையின் சருகைத் தள்ளி, மழைநீர்த் தாரையைச் சுத்தம் செய்து, சுவரில் முளைத்த அரசங்கன்றை விரல் பருமனில் இருக்கும்போதே பிடுங்கிவிடுவார். ஓர் ஆள் கூலியை மிச்சம் பிடித்தவரின் வீட்டில், அந்தக் கன்று மரமாகிச் சுவரைப் பிளந்துகொண்டு நிற்பதை இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், சென்ற ஆண்டு தாரை சுத்தம் செய்த கூலியைப் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு விஷயத்தில் நீங்கள் செட்டானவர். உங்கள் உடம்பு விஷயத்திலும் மந்திரி விஷயத்திலும் கன்றைப் பிடுங்கவில்லை. என் வாயால் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன், ஆச்சி சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

பெயர் விவகாரத்தை நான் தீர்க்க முடியாது. ஆனால் இயற்கை தீர்த்து வைக்கக்கூடும். இந்த வயதில் நாய்களுக்குக் காது மந்தமாகத் தொடங்கும். குரலை விடக் கைதட்டலும் கைச்சாடையும் அதற்கு நெடுநாள் உதவும். இப்போதே, கையைத் தொடையில் தட்டினால் வர வேண்டும், உள்ளங்கையைக் காட்டினால் குரைப்பதை நிறுத்த வேண்டும் என்று, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுக் கோழிக்கறி கொடுத்துப் பழக்குங்கள். பதினொரு வயதிலும் கற்றுக்கொள்ளும். அதன்பின் முற்றத்தில் நின்று 'மந்திரி' என்று உரக்கக் கூப்பிட வேண்டிய தேவையே இராது, பங்காளிக்கும் அர்த்தம் கற்பிக்க வாய்ப்பிராது. உங்கள் நகைச்சுவையை நான் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே வளவுக்குள் பத்தாண்டுக்கு மேலாகத் தினம் காலையும் மாலையும் சொல்லப்படும் ஒரு பகடிக்கு, கேட்பவர் எத்தனை முறை சிரிக்க முடியும்?

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாமல், தண்ணீர்க் கணக்கு முடிந்த நான்காம் நாள் காலையிலேயே அழைத்து வாருங்கள். வாந்தி திரும்பினாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ, மலம் மறுபடி கறுத்தாலோ அந்த நான்கு நாளும் காத்திருக்க வேண்டாம். முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் உணவு வேண்டாம், தண்ணீர் இருக்கட்டும். தண்ணீர் எழுதிய நோட்டுப் புத்தகத்தையும், நீங்கள் கொடுத்த மாத்திரையின் பட்டையையும் கொண்டு வாருங்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர்தான் எனக்கு வேண்டும். வெந்நீரில் கழுவிக் காயவைத்த சிறு கண்ணாடிச் சீசா ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, மந்திரி காலைத் தூக்கும்போது பின்பக்கமாகப் போய், நீளக் காம்புள்ள குழம்புக் கரண்டியை நீட்டினால் நாலு தேக்கரண்டி அளவு பிடித்துவிடலாம். கீழே சிந்தியதை வழித்தெடுத்தால் பயன்படாது. அந்தக் கரண்டியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஆச்சி மறுபடி அடுப்படிக்குள் விட மாட்டார்கள். அதையும் மந்திரியின் கணக்கில் செலவாக எழுதிவிடுங்கள்.